சரவிளக்கும் கொல்லைப்புற பல்பும்
வீட்டுக் கணக்கு – 9

செட்டிநாட்டுப் பெரிய வீட்டில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று பேச்செடுத்தால், எல்லோர் கண்ணும் முதலில் சரவிளக்கைத்தான் பார்க்கும். கானாடுகாத்தானோ காரைக்குடியோ, அத்தனை பல்பு ஒரே இடத்தில் தொங்கும்போது அப்படித்தான் தோன்றும். கணக்குப் போட்டால் கதை வேறு.

சரவிளக்கில் 40 வாட் குண்டு பல்பு 24 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கல்யாணம், படைப்பு, பொங்கல் என்று ஆண்டில் நான்கு நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் எரிந்தால் 23 யூனிட் ஆகும். அதே வீட்டின் கொல்லைப்புறத்தில் இரவு முழுக்க எரியும் ஒற்றை 60 வாட் பல்பு, ஆண்டுக்கு 262 யூனிட் இழுக்கும். தமிழகத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் 43ஐ இது ஒன்றே தின்றுவிடுகிறது. அங்கே 9 வாட் எல்.இ.டி. மாட்டினால் ஆண்டு முழுவதற்கும் 40 யூனிட் போதும். ஆக, எண்ண வேண்டியது பல்புகளை அல்ல, அவை எரியும் மணிகளை.

விலையும் இப்போது சாக்காகாது. உஜாலா திட்டத்துக்காக மத்திய அரசு நிறுவனம் மொத்தமாக வாங்கிய எல்.இ.டி. பல்பின் விலை, 2014இல் 310 ரூபாய். 2016இல் 38 ரூபாய். பாதரசம் அடைத்த சி.எஃப்.எல். குழலை இனித் தேடிப்போக வேண்டியதில்லை.

கடையில் வாட்டைப் பார்க்காதீர்கள், லூமனைப் பாருங்கள். பழைய 60 வாட் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 700 லூமன். அடுத்தது நிறம். அட்டையில் 6500 கே என்றால் நீலம் கலந்த வெள்ளை. பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பையும் அது சாம்பல் பூசியதுபோல் ஆக்கிவிடும்; முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவரிலோ கண் கூசும். முகப்புக்கும் பட்டாலைக்கும் 2700 அல்லது 3000 கே வாங்குங்கள். அடுப்படிக்கு வெள்ளை இருக்கட்டும், அரிசியில் கல் பொறுக்க வேண்டுமே. மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் எல்.இ.டி. மாட்டினால் சூடு வெளியேற வழியின்றிச் சீக்கிரம் போய்விடும்.

பழைய வீடுகளில் இன்னொன்றும் நடக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் புது பல்பு மினுக் மினுக்கென்று லேசாக எரியும். பல்பு மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இண்டிகேட்டர் வைத்த சுவிட்ச் என்றால் அதன் வழியே கசியும் மின்சாரம் காரணமாக இருக்கலாம், அதில் பயமில்லை. சாதாரண சுவிட்ச் என்றால், பேஸுக்குப் பதில் நியூட்ரலில் சுவிட்ச் போட்டிருக்க வாய்ப்புண்டு. அப்படியானால் அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். குண்டு பல்பு இருந்தவரை இது வெளியே தெரிந்திருக்காது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்; அதுவரை பல்பு மாற்ற ஏணி போட்டு ஏறுமுன் மெயினை அணைத்துவிடுங்கள்.

அடுத்த வாரம் மின்விசிறி.