காத்திருக்க முடியாத பூ

விலையின் விலாசம் – 9

திருப்பரங்குன்றத்தில்தான் முருகன் தெய்வானையை மணந்தார் என்பது ஐதீகம். அதனால் மதுரை வட்டாரத்தில் பல குடும்பங்களுக்கு அங்கே தாலி கட்ட வேண்டும் என்பது நெடுநாள் வேண்டுதல். வளர்பிறை முகூர்த்த நாளில் கோயிலிலும் சுற்றியுள்ள மண்டபங்களிலும் ஒரு ஜோடி எழுந்திருக்கும் முன்பே அடுத்த ஜோடி வந்து நிற்கும். பட்டு வேறாக இருக்கலாம், பந்தி வேறாக இருக்கலாம். மல்லி மட்டும் எல்லோருக்கும் வேண்டும்.

அந்த மல்லி விளைவதும் அதிக தூரத்தில் இல்லை. திருப்பரங்குன்றம் ஒன்றியத்தைச் சேர்ந்த வலையங்குளம், எலியார்பத்தி பக்கம் போனால் வரிசை வரிசையாகப் பூந்தோட்டம். விளைவிப்பவரும் வாங்காமல் இருக்க முடியாதவரும் ஒரே ஒன்றியத்துக்குள் இருக்கிறார்கள். இவ்வளவு நெருக்கமான சந்தையில் விலை நிதானமாகத்தானே இருக்க வேண்டும்? நடப்பது நேர்மாறு. கோடையில் கிலோ இருநூறு ரூபாய்க்கும் கீழே போகும் பூ, கார்த்திகை, தை முகூர்த்தங்களில் மூவாயிரத்தைத் தாண்டுவது அண்மை ஆண்டுகளில் பல முறை நடந்துவிட்டது. ஒரே செடி, ஒரே மொட்டு, பதினைந்து மடங்கு விலை.

சென்ற வாரம் வெங்காயத்தைப் பார்த்தோம். வெங்காயம் பட்டறையில் சில மாதம் காத்திருக்கும். மல்லிக்கு அந்தப் பொறுமை கிடையாது. விடிவதற்கு முன்பே மொட்டாகப் பறிக்க வேண்டும், வெயில் ஏறுவதற்குள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சேர்க்க வேண்டும். சாயங்காலம் அது தானாக விரிந்துவிடும். மறுநாள் அதற்கு விலை இல்லை. இந்த அவசரம் யார் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே பணம் யார் பக்கம் போகிறது என்பது முடிவாகிறது.

வளையும் தேவை, வளையாத தேவை

விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பதை அளக்கும் கோலுக்குத் ‘தேவை நெகிழ்ச்சி’ என்று பெயர். 1890-இல் வெளியான தன் பொருளியல் நூலில் ஆல்ஃபிரட் மார்ஷல் இதற்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார். விலை பத்து சதவீதம் ஏறும்போது வாங்குவது இருபது சதவீதம் குறைந்தால் அது நெகிழ்ச்சியுள்ள தேவை. இரண்டே சதவீதம் குறைந்தால் நெகிழ்ச்சி குறைந்த தேவை.

மல்லிக்கு இருக்கும் தேவை ஒன்றல்ல, இரண்டு. முதலாவது அன்றாடத் தலைப்பூ. விலை ஏறினால் இந்தத் தேவை உடனே வளைந்துகொடுக்கும்.

“என்னக்கா, நேத்து முப்பது, இன்னிக்கு எம்பதா?”

“வரத்தே இல்லைம்மா. பிச்சி எடுத்துக்க, இல்லைன்னா கனகாம்பரம் தர்றேன்.”

அவ்வளவுதான். மல்லி இல்லாவிட்டால் பிச்சி, பிச்சி இல்லாவிட்டால் முல்லை, அதுவும் இல்லாவிட்டால் வெறும் கொண்டை. மாற்று உள்ள இடத்தில் நெகிழ்ச்சியும் இருக்கும். பூக்கடை அக்காவுக்கும் இது தெரியும் என்பதால், விலை ஏறும் நாளில் அவர் முழத்தைக் குறைப்பதில்லை. முழத்துக்குள் இருக்கும் பூவைக் குறைக்கிறார். நெருக்கக் கட்டு இடைவெளிக் கட்டாகிவிடும்.

இரண்டாவது கல்யாணப் பூ. முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, மண்டபத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது. மூவாயிரம் என்றாலும் வாங்கித்தான் ஆக வேண்டும். கல்யாணச் செலவு மொத்தத்தில் பூவின் பங்கு சிறிது என்பதால் மனமும் அதிகம் தடுக்காது. மாற்று இல்லை, தள்ளிப்போட முடியாது, மொத்தச் செலவில் பங்கும் கொஞ்சம். நெகிழ்ச்சியைக் குறைக்கும் மூன்று காரணங்களும் மணப்பெண்ணின் ஜடையில் ஒன்று சேர்கின்றன.

பனிக்காலத்தில் செடி பூப்பது மிகவும் குறைந்துவிடும். கார்த்திகையிலும் தையிலும் முகூர்த்தம் நெருக்கும். பூ மிகக் குறைவாக இருக்கும் காலமும் பூ கட்டாயம் வேண்டிய காலமும் ஒன்றாகிப் போவதே மதுரை மல்லியின் விலைக் கதை. பங்குனி தொடங்கிப் பூ கொட்டும். முகூர்த்தம் இல்லாத நாளில், அதுவும் கல்யாணமே நடக்காத ஆடியில், கொட்டும் பூவை வாங்க அன்றாடத் தலைப்பூக்காரர்கள்தான் மிச்சம்.

உபரி எந்தப் பக்கம்?

ஒரு பொருளுக்கு எவ்வளவு வரை கொடுக்கத் தயாராக இருந்தோமோ அதற்கும், உண்மையில் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் ‘நுகர்வோர் உபரி’. 1844-இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துபுய், பாலம் போன்ற பொதுப்பணிகளால் மக்களுக்கு உண்டாகும் பயனை எப்படி அளப்பது என்று யோசித்தபோது இதற்கு வித்திட்டார். சுங்கக் கட்டணம் வசூலானது எவ்வளவு என்று பார்த்தால் போதாது, கடப்பவர்கள் மனதுக்குள் மிச்சம் பிடித்ததையும் சேர்க்க வேண்டும் என்பது அவர் வாதம். விற்பவர் பக்கம் இதே கணக்குக்கு ‘உற்பத்தியாளர் உபரி’ என்று பெயர். குறைந்தபட்சம் எந்த விலைக்கு விற்கச் சம்மதிப்பாரோ அதற்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயும் அவருடைய உபரி.

இதில்தான் மல்லி விவசாயியின் சிக்கல் இருக்கிறது. செடியில் இருக்கும்போது அவருக்கு ஒரு குறைந்தபட்ச விலை உண்டு: பறிகூலி, வண்டிக்கூலி, கமிஷன். அதற்குக் கீழே விலை போனால் பறிக்காமல் செடியிலேயே விட்டுவிடலாம். கோடையில் சில நாட்களில் அப்படித்தான் விடுகிறார்கள். பறித்துக் கூடையில் போட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் பறிகூலி போனது போனதுதான். திரும்ப எடுத்துப்போய்ப் பயன் இல்லை. அந்த நேரத்தில் அவர் சம்மதிக்கக்கூடிய குறைந்தபட்ச விலை ஏறக்குறைய பூஜ்யம். வாங்குபவருக்கும் அது தெரியும்.

மார்ஷல் அளிப்பைக் கால அளவின்படி பிரித்தார். அன்றைக்கு வந்து சேர்ந்த சரக்கு மட்டுமே உள்ள நாளில் அளிப்பு நெகிழ்ச்சி கிட்டத்தட்ட இல்லை. அவர் காட்டிய உதாரணம் மீன். மீனுக்குப் பதிலாக மல்லி என்று எழுதினாலும் ஒரு வரியும் மாற்ற வேண்டாம். அடுத்தது, இருக்கிற செடியை வைத்துக்கொண்டு கவாத்து, உரம், தண்ணீர் மூலம் விளைச்சலைக் கூட்டும் காலம். மூன்றாவது, புதிதாக நட்டு விரிவாக்கும் நீண்ட காலம். ராமநாதபுரம் தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து வரும் நாற்றை நட்டால் நல்ல மகசூலுக்கு இரண்டு, மூன்று ஆண்டு ஆகும். இந்தத் தை மாத விலையைப் பார்த்து நடுபவர், வேறு யார் யார் நட்டார்கள் என்பதை மூன்று வருடம் கழித்துத்தான் மார்க்கெட்டில் தெரிந்துகொள்வார்.

விலை ஏறினால் யாருக்கு லாபம்?

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் கிரிகரி கிங் என்பவர் பெயரில் ஒரு விதி வழங்கியது. தானிய விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும் என்பது அதன் தொடக்கம். குறைவு கூடக் கூட, விலை அதைவிட வேகமாக ஏறும். நெகிழ்ச்சி என்ற சொல் பொருளியலில் குடியேறுவதற்கு இரு நூற்றாண்டு முன்பே, அதன் சாரத்தை எண்ணில் எழுதிவிட்டார்கள்.

மல்லிக்கு ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். சாதாரண நாளில் சந்தைக்கு 10 டன் வருகிறது, கிலோ 300 ரூபாய் என்றால் மொத்தம் 30 லட்சம். பனி நாளில் 2 டன்தான் வருகிறது, கிலோ 2,500 ரூபாய் என்றால் மொத்தம் 50 லட்சம். பூ ஐந்தில் ஒன்றாகக் குறைந்தும் மொத்த வருமானம் கூடிவிட்டது. தேவை நெகிழாத இடத்தில் பற்றாக்குறை என்பது விற்பவர் கூட்டத்துக்கு வரம்.

கூட்டத்துக்கு என்றேன், ஒவ்வொருவருக்கும் அல்ல. வழக்கமாக 50 கிலோ பறிப்பவர் சாதாரண நாளில் 15,000 ரூபாய் பார்ப்பார். அவர் தோட்டமும் ஐந்தில் ஒன்றாகக் குறைந்தால் 10 கிலோ, 25,000 ரூபாய். மொட்டுப்புழுவோ மழையோ கூடுதலாகத் தாக்கி 2 கிலோதான் கிடைத்தது என்றால் வெறும் 5,000. செய்தித்தாளில் வரும் உச்ச விலை எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே மாதிரி வந்து சேர்வதில்லை.

கமிஷன் கணக்கும் இதில்தான் புரியும். கடைக்காரர் கமிஷனை விவசாயியின் சீட்டில் கழிக்கிறார். வாங்குபவரிடம் வாங்கும்படி மாற்றிவிட்டால் விவசாயிக்கு மிச்சமாகுமா? பொருளியல் ‘ஆகாது’ என்கிறது. கமிஷனைத் தன் கையால் கட்ட வேண்டியிருந்தால் வாங்குபவர் அந்த அளவுக்கு விலையைக் குறைத்துக் கேட்பார். பறித்த பூவோடு நிற்பவரால் மறுக்க முடியாது. எந்தச் சீட்டில் எழுதுகிறார்கள் என்பதைவிட, யாரால் விலகிப்போக முடியவில்லை என்பதே சுமை யார் தலையில் என்று தீர்மானிக்கிறது. கடையில் ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருந்தால், பக்கத்துக் கடைக்குப் போகும் சிறிய நெகிழ்ச்சியையும் விவசாயி அடகு வைத்துவிட்டார் என்று பொருள்.

காத்திருக்க முடியாமல் போவதன் உச்சத்தை 2020 மார்ச்சில் பார்த்தோம். ஊரடங்கு வந்தது, கோயில் மூடியது, கல்யாணம் தள்ளிப்போனது. செடிக்கு அது தெரியாது. பூக்கும் பருவத்தில் அது பூத்தது. பறிக்கவும் ஆள் கிடைக்காமல், பறித்தாலும் விலை இல்லாமல் தமிழ்நாட்டுத் தோட்டங்களில் பூ செடியிலேயே வாடியது.

அதிகம் விளைந்தால் தீருமா?

2023-24 வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு மதுரை மல்லிகைக்கென ஓர் இயக்கம் அறிவித்து 7 கோடி ரூபாய் ஒதுக்கியது. பருவமில்லாத காலத்திலும் பூ கிடைக்கச் செய்வது அதன் நோக்கங்களில் ஒன்று. கவாத்து செய்யும் நேரத்தை மாற்றி, பனிக்காலத்தில் கொஞ்சம் கூடுதல் பூ எடுப்பது நல்ல யோசனைதான். முதலில் அதைச் செய்யும் விவசாயிக்கு உச்ச விலை முழுதாகக் கிடைக்கும்.

எல்லோரும் செய்துவிட்டால்? மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் படியுங்கள். தேவை நெகிழாத நாளில் 2 டன் 4 டன்னானால் விலை பாதியாகாது, பாதிக்கும் கீழே போகும். மொத்த வருமானம் குறையும். மணவீட்டாருக்கு மல்லி மலிவாகும், நுகர்வோர் உபரி கூடும். அரசு விவசாயிக்கு என்று நினைத்துக் கொடுத்த பணத்தின் பலன், சத்தமில்லாமல் கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சேரும். அதில் தவறில்லை, வாங்குபவரும் மக்கள்தான். ஆனால் அதை விவசாயி நலத் திட்டம் என்று எழுதிவைத்தால் கணக்கு இடிக்கும்.

விவசாயி பக்கம் உபரி சாய வேண்டுமானால் அவருடைய அவசரம் குறைய வேண்டும், வாங்கும் வாசல்கள் பெருக வேண்டும். அதற்கு வழிகள் இல்லாமல் இல்லை. மிஞ்சிய பூவை வாசனைத் திரவிய ஆலைகள் வாங்குகின்றன. ஆயிரம் கிலோ பூவிலிருந்து இரண்டு கிலோவுக்கும் குறைவாகவே மணமெழுகு எடுக்க முடியும் என்பதால் பூ மலிவாக இருந்தால்தான் அவர்கள் வருவார்கள். விலை விழும்போது நிறைய வாங்கும் இந்தத் தேவை நெகிழ்ச்சி மிக்கது. அதனால் அது விலைக்கு அடியில் ஒரு தரை போடுகிறது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்குப் பறக்கும் பூ இன்னொரு வாசல். 2013-இல் மதுரை மல்லிக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் உதவலாம். ‘இதற்கு மாற்று இல்லை’ என்று சட்டப்படி சொல்வதுதானே அது! ஆனால் நாரில் கட்டிய பூவில் முத்திரை குத்த முடியாது. அதனால் அதன் பலன் பெட்டியில் அடைத்து ஏற்றுமதியாகும் பூவோடு நின்றுவிடுகிறது.

தகவலும் ஒரு வாசல்தான். 1997 முதல் 2001 வரை கேரளக் கடற்கரையில் செல்போன் பரவியபோது மீன் சந்தைகளில் என்ன நடந்தது என்று ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். எந்தத் துறையில் என்ன விலை என்று கடலிலிருந்தபடியே கேட்டுப் படகைத் திருப்ப முடிந்ததும், விற்காமல் கொட்டப்பட்ட மீன் ஏறக்குறைய இல்லாமல் போனது. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குபவர் கொடுத்த விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது. ஒருவரிடமிருந்து பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுத்த உபரி அல்ல அது. முன்பு கடலில் கொட்டி வீணான உபரி. மல்லியிலும் ஒரு மார்க்கெட்டில் தேங்கும் பூ பக்கத்து ஊர் மார்க்கெட்டில் தட்டுப்பாடாக இருக்கும் நாட்கள் உண்டு. பறிக்கும் முன்பே விலை தெரிந்தால் எங்கே அனுப்புவது, எவ்வளவு பறிப்பது என்று முடிவெடுக்கலாம்.

அடுத்த முகூர்த்தத்துக்கு ‘மல்லி கிலோ நாலாயிரம், விவசாயிகள் மகிழ்ச்சி’ என்று செய்தி வரும்போது இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு எத்தனை கிலோ வந்தது? அந்த விலைக்கு ‘மாட்டேன்’ என்று சொல்ல யாரால் முடிந்தது? முதல் கேள்வி வருமானத்தைச் சொல்லும். இரண்டாவது உபரியைச் சொல்லும்.

மல்லியைப் போலவே ஒரு நாள்கூடக் காத்திருக்காத இன்னொரு சரக்கு தினமும் காலையில் நம் வாசலுக்கு வருகிறது. பால். அதற்கு மட்டும் ஆடிக்கும் தைக்கும் ஏன் ஒரே விலை? அந்த நிதானத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?

(அடுத்த வாரம் பார்ப்போம்)