வலியை எழுதிய வைத்தியர்

கொல்லிமலை மக்களிடையே வைத்தியமும் சமயப் பணியும் செய்துவந்த ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் தம்பதியரின் புதல்வராய் 1914-இல் பிறந்து, மலேரியாவும் நரம்புச்சிலந்தியும் ஏழைகளை வாட்டிய அம்மலையில் பால்யத்தைக் கழித்த டாக்டர் பால் பிராண்ட், துன்பத்தை ஆங்கில உரைநடையில் வருணித்தோருள் தனித்த ஸ்தானம் பெற்றவர். அவர் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த 1929-ஆம் ஆண்டில் தந்தையார் கொடிய விஷக்காய்ச்சலுக்கு இரையானார். தாயாரோ முதுமையிலும் மலைவாசிகளின் சேவையைக் கைவிடவில்லை.

1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பிராண்ட், குஷ்டரோகிகளின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், நரம்புகள் பழுதுற்று வலி மறைந்துவிடுவதால், சூடான பாத்திரமும் கூரிய கருவியும் விளைவிக்கும் காயங்களை அவர்கள் உணராமற்போவதே அங்கஹீனத்துக்குப் பிரதான காரணம் என்று விளக்கினார்.

எழுத்தாளர் பிலிப் யான்சியுடன் சேர்ந்து 1993-இல் வெளியிட்ட நூலில், வலி எவரும் விரும்பாத கொடை என்று அவர் ஸ்தாபிக்கிறார். தம்மால் திறக்க இயலாத துருவேறிய பூட்டைத் திறந்த, குஷ்டரோகியான சிறுவனொருவன், தன் விரல் எலும்பு தெரியக் கிழிந்ததையும் அறியாது நின்றதை அவர் விவரித்தார். அவ்விடத்தில் பரிதாபச் சொற்களின் ஆடம்பரத்துக்கு அவசியமே இல்லை.

துன்புறுவோரைப் பற்றி எந்த மொழியில் எழுதுவோரும், அனுதாபத்தை யாசிப்பதற்கு முன், துன்பத்தின் காரணத்தை ஆராய்ந்தறிந்து சொல்வதே அவர்களுக்குச் செய்யும் உண்மையான மரியாதையாகும்.