பானெட்டில் ஏன் அந்த மூக்கு?

சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் காரின் பானெட்டில் மூக்கு போல ஒரு திறப்பு இருக்கும். பந்தாவுக்கு வைத்ததல்ல. அதற்கு நேர் கீழே, என்ஜினின் தலைமேல், இன்டர்கூலர் உட்கார்ந்திருக்கிறது.

என்ஜினுக்குள் போகும் காற்றை டர்போ அழுத்தும்போது அது சூடாகிறது; அதைக் குளிர வைப்பதுதான் இன்டர்கூலரின் வேலை. 30 டிகிரியில் உள்ளே போன காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு நெருக்கினால் 100 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு. அழுத்தம் மாறாமல் 30 டிகிரி 60 ஆனாலே ஒவ்வொரு லிட்டரிலும் ஆக்சிஜன் சுமார் 9 சதவீதம் குறையும். எரிக்கக்கூடிய பெட்ரோலும் அந்த அளவுக்குக் குறையும். அதைவிடத் தொல்லை நாக்கிங். பெட்ரோல் கலவையில் ஒரு பகுதி ஸ்பார்க்கின் தீ வந்து சேருமுன் தானாகவே வெடிக்கும். கார்க் கணினி உஷாராகி ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும், இழுவை படுத்துவிடும்.

ஓடும்போது திறப்பு வழியே காற்று வரும், சரி. சிக்னலில் நின்றால்? என்ஜின் வெக்கை மேலே ஏறி இன்டர்கூலரையே சுட வைக்கும். அதனால்தான் பலர் அதைக் கழற்றிவிட்டு, முன் பம்பருக்குப் பின்னால் பெரிதாக ஒன்றை மாட்டுகிறார்கள். குழாய் நீளுவதால் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் டர்போ கொஞ்சம் சோம்பும். பின்னால் நிற்கும் ரேடியேட்டருக்கும் சூடேறிய காற்றுதான் மிச்சம்.

சக்தி கூட்ட சிலர் நாடும் மலிவான வழி, என்ஜின் காற்றை உறிஞ்சும் வாயில் ஒரு கூம்பு ஃபில்டர். மறைப்பில்லாமல் பானெட்டுக்குள் மாட்டினால் வெக்கையைத்தான் உறிஞ்சும். உறுமல் கூடும், சக்தி கூடாது. வெளிக்காற்றுக்காகத் தரையோரம் இறக்கினாலோ, தேங்கிய மழைநீரில் என்ஜின் தண்ணீரையே குடித்துவிடும். பிஸ்டனால் தண்ணீரை அமுக்க முடியாது. வளைவது கனெக்டிங் ராடு.