உங்களுக்குத் தெரியுமா? உங்கள் கையெழுத்தும் சட்டமாகும்!

சட்டம் போடுவது எம்.பி.க்கள் வேலை, நமக்கென்ன என்று இருக்கிறீர்களா? ஒரு நிமிஷம்! தேடித் தேடிப் பிடித்த சங்கதிகளை மடி நிறையக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். எல்லாம் உங்களையும் என்னையும் போன்றவர்கள் செய்து காட்டியவை!

துடைப்பக் கட்டையில் சுற்றிக்கொண்டு போன மனு ஒன்று சட்டமானது தெரியுமா?

ஆண்டு 1893. நாடு நியூசிலாந்து. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கினார்கள். வந்து சேர்ந்த தாள்களை கேட் ஷெப்பர்ட் என்ற பெண்மணி ஒன்றோடொன்று பசை தடவி ஒட்டிக்கொண்டே போனார். மொத்தம் 546 தாள்! நீளம் 270 மீட்டருக்கு மேல்! சுருட்டி வைக்க என்ன செய்வது? துடைப்பக் கட்டைதான் கைகொடுத்தது. அந்தச் சுருள் நாடாளுமன்றத்துக்குப் போனது. ஜான் ஹால் என்ற உறுப்பினர் அதை அவையின் நடுவே உருட்டிவிட்டார். பாய் விரிவது போல விரிந்துகொண்டே போய், கடைசிச் சுவரில் 'தொம்' என்று மோதி நின்றது! உள்ளே இருந்த கையெழுத்து 25,519! அதே ஆண்டு செப்டம்பர் 19-ம் தேதி சட்டம் வந்துவிட்டது. சுயாட்சி நடத்திய நாடுகளிலேயே பெண்கள் எல்லோருக்கும் நாடாளுமன்ற ஓட்டுரிமை தந்த முதல் நாடு அதுதான்! ஷெப்பர்ட் இன்று அந்நாட்டு 10 டாலர் நோட்டில் இருக்கிறார்!

இதற்கு 51 ஆண்டுகள் முன்பே, 1842-ல், பிரிட்டன் தொழிலாளர்கள் லண்டன் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோன மனு வாசலுக்குள் நுழையவே இல்லை. அவ்வளவு பெரிது! கையெழுத்து 33 லட்சம்! சட்டம் கேட்டு வந்த மனு, நாடாளுமன்றத்தின் கதவுச் சட்டத்தையே கழற்ற வைத்தது! அன்று தோற்றது. ஆனால் அந்த மக்கள் இயக்கம் கேட்ட ஆறு கோரிக்கைகளில் ஐந்து பின்னால் சட்டமாகிவிட்டன!

கட்டுரையில் மார்க் குறைந்த மாணவர் ஒருவர் அமெரிக்க அரசியல் சாசனத்தையே திருத்தியிருக்கிறார்!

கிரெகரி வாட்சன். டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர். 1789-ல் முன்மொழிந்து அப்படியே கிடப்பில் போன ஒரு திருத்தத்தை நூலகத்தில் கண்டுபிடித்தார். எம்.பி.க்கள் தங்கள் சம்பளத்தை உயர்த்திக்கொண்டால், அடுத்த தேர்தல் முடிந்த பிறகே அது கைக்கு வர வேண்டும் என்பதுதான் அந்தத் திருத்தம். இதற்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று 1982-ல் கட்டுரை எழுதினார். கிடைத்தது 'சி' கிரேடு! மனிதர் விடவில்லை. மாநிலம் மாநிலமாகக் கடிதம் போட்டார். தபால் செலவெல்லாம் சொந்தக் காசு! ஒவ்வொரு மாநிலமாகத் தலையசைத்தது. 1992-ல் 27-வது திருத்தமாக அது சாசனத்தில் ஏறியது. 202 ஆண்டுக் காத்திருப்பு! அவருடைய கிரேடை 2017-ல் பல்கலைக்கழகம் 'ஏ' என்று மாற்றிக் கொடுத்தது. அதற்கு 35 வருஷம்!

பின்லாந்தில் 50,000 பேர் ஆறு மாதத்துக்குள் கையெழுத்துப் போட்டால், அந்த மசோதாவை நாடாளுமன்றம் கையில் எடுத்தே ஆக வேண்டும். ஒருபாலினத் திருமணத்துக்காக 2013-ல் கையெழுத்து தொடங்கியது. முதல் நாளிலேயே ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது! 2017-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தது!

மாட்டுக் கொம்புக்காக ஒரு நாடே ஓட்டுப் போட்டது! சுவிட்சர்லாந்து விவசாயி ஆர்மின் கபாவுல், மாட்டின் கொம்பைத் தீய்க்காமல் வளர்ப்பவர்களுக்கு மானியம் வேண்டும் என்றார். ஒரு லட்சம் கையெழுத்தைத் திரட்டினார். 2018-ல் தேசம் முழுக்க வாக்கெடுப்பு! ஜெயிக்கவில்லை. ஆனால் நூற்றுக்கு 45 பேர் கொம்பின் பக்கம்!

'மக்களைக் கேட்காமல் போட்ட சட்டம் செல்லாது!' இப்படித் தீர்ப்புச் சொன்னது தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றம். ஆண்டு 2006. ஒரே வழக்கில் இரண்டு சட்டங்கள் காலி!

இலங்கையில் நிலைமை தலைகீழ். மசோதாவாக இருக்கும்போதே குடிமகன் உச்ச நீதிமன்றம் போகலாம். நீதிமன்றம் மூன்று வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். சபாநாயகர் சான்றளித்து அது சட்டமாகிவிட்டால், பிறகு எந்த நீதிமன்றமும் அதைக் கேள்வி கேட்க முடியாது!

நம் நாட்டுக்கு வருவோம். அரசியல் நிர்ணய சபை சாசனத்தை விவாதித்தபோது பார்வையாளர் மாடத்துக்கு வந்து உட்கார்ந்து கேட்ட பொதுமக்கள் எத்தனை பேர் தெரியுமா? 53,000! சொன்னவர் ராஜேந்திர பிரசாத்!

ராஜஸ்தானின் பியாவர் ஊரில் 1996-ல் கிராமத்து ஜனங்கள் 40 நாள் தர்ணா உட்கார்ந்தார்கள். கேட்டது நிலமல்ல, பணமல்ல. பஞ்சாயத்துச் செலவுக் கணக்கின் நகல்! சுற்றுவட்டாரத்து மக்கள் வீட்டிலிருந்து தானியம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தத் தர்ணாவில் விழுந்த விதைதான் 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இன்று 10 ரூபாயில் மத்திய அரசையே கேள்வி கேட்கிறோமே, அதற்குப் பின்னால் அந்த 40 நாள் இருக்கிறது! தகவல் உரிமைக்கு முதலில் சட்டம் போட்ட மாநிலம் எது? நம் தமிழ்நாடு! 1997-லேயே!

பெண்கள் பாதுகாப்புச் சட்டங்களைத் திருத்த நீதிபதி வர்மா குழு மக்களிடம் யோசனை கேட்டது. வந்து குவிந்தவை சுமார் 80,000! அறிக்கை தயாரானது 29 நாளில்! 2013-ல் சட்டத் திருத்தம்!

அமைச்சராக இல்லாத எம்.பி.யும் மசோதா கொண்டுவரலாம். வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டரை மணி நேரம் அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். உங்கள் யோசனையை உங்கள் தொகுதி எம்.பி.யிடம் கொடுத்துப் பாருங்கள்! இதுவரை இரு அவையும் நிறைவேற்றிய தனிநபர் மசோதாக்கள் வெறும் 14. கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970-ல். அதன் பிறகு ஒன்றுகூட இல்லை! ஆனாலும் 2015-ல் ஒரு அவையிலாவது வென்று காட்டினார் நம்ம எம்.பி. திருச்சி சிவா. ராஜ்யசபாவில் ஏப்ரல் 24 அன்று அவருடைய திருநர் உரிமை மசோதா நிறைவேறியபோது ஒரு எதிர்ப்புக் குரல்கூட இல்லை!

வக்ஃபு திருத்த மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்கு வந்த கருத்து மனுக்கள் எத்தனை? 97 லட்சத்துக்கும் மேல்!

அரசு ஒரு மசோதாவின் வரைவை மக்கள் பார்வைக்குக் குறைந்தது 30 நாள் வைக்க வேண்டும் என்பது 2014 முதல் மத்திய அரசின் கொள்கை. அந்த 30 நாள் உங்களுடையது!

இன்னொன்று. மக்களவையில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. உறுப்பினர்கள் 15 பேர். அமைச்சர் எவருக்கும் அதில் இடமில்லை! நிலுவையில் இருக்கும் மசோதாவைப் பற்றி நீங்கள் அனுப்பும் மனுவை அவர்கள் பரிசீலிப்பார்கள். ஒரு எம்.பி. மேலொப்பமிட்டால் அவையிலேயே அதைச் சமர்ப்பிக்கலாம். இந்தி தெரியாதே, ஆங்கிலம் வராதே என்று தயங்க வேண்டாம். தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை இணைத்து, அதிலும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்!