முகம் காட்டாத சாட்சியம்: யுத்தத்தைச் சொல்லும் சித்திரக்கதைகள்

சித்திரக்கதை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்த இரும்புக்கை மாயாவிதான். அந்த வடிவத்தில் படுகொலையைச் சொல்லலாமா என்ற தயக்கம் நியாயமானதே.

அமெரிக்க ஓவியர் ஆர்ட் ஸ்பீகல்மேன் அந்தத் தயக்கத்தை உடைத்தார். அவருடைய பெற்றோர் அவுஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய போலந்து யூதர்கள். தந்தை சொன்னதை ஒலிப்பதிவு செய்து, ‘மவுஸ்’ என்ற சித்திரக்கதையாக வரைந்தார். அதில் யூதர்கள் எலிகள், ஜேர்மனியர்கள் பூனைகள். 1992இல் அதற்குச் சிறப்பு புலிட்சர் விருது கிடைத்தது.

அதில் ஒரு கட்டம். அமெரிக்காவில் மரங்கள் அடர்ந்த வீதியில் தந்தையும் மகனும் காரில் போகிறார்கள். முகாமில் தூக்கிலிடப்பட்ட நான்கு இளம் பெண்களைப் பற்றித் தந்தை சொல்கிறார். வீதியோர மரங்களில் அந்தப் பெண்களின் கால்கள் தொங்குகின்றன. அன்றும் இன்றும் ஒரே கட்டத்துக்குள். பட்டாசுச் சத்தத்துக்கு இன்றும் திடுக்கிடுபவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எங்கள் கதையும் வரையப்பட்டிருக்கிறது. வன்னியில் ஐ.நா. பணியாளராக இருந்த பெஞ்சமின் டிக்ஸ், 2008 செப்டெம்பரில் ஐ.நா. அங்கிருந்து வெளியேறிய பின்னர், உயிர்தப்பியவர்களின் சாட்சியங்களைச் சேகரித்தார். லிண்ட்சே பொலக்கின் சித்திரங்களோடு ‘வன்னி’ 2019இல் நூலானது. அதில் வரும் குடும்பம் கற்பனை. அதற்கு நேர்பவை பலரின் அனுபவங்களிலிருந்து வந்தவை. காணொளி முகத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். சித்திரமோ முகத்தை மறைத்து, நடந்ததைச் சொல்லும். அச்சத்தோடு வாழ்பவர் வாய் திறக்க இது ஒரு வழி.

இன்னொன்று, கட்டங்களுக்கு இடையிலான வெற்றிடம். ஒரு கட்டத்தில் பங்கருக்குள் ஐந்து பேர், அடுத்ததில் நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். இடையில் நடந்ததை வாசகரே உணர்ந்துகொள்வார். இரத்தத்தைக் காட்டாமலே இழப்பைச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு மே மாதமும் உறவுகளின் உடல்களைச் சமூக வலைத்தளங்களில் திரும்பத் திரும்பப் பார்க்க நேரும் எமக்கு இது சிறிய விடயமல்ல.

ஆனால், எதை வரைவது, எதை விடுவது என்பது ஓவியரின் கையில் இருக்கிறது. ஆகவே, அச்சுக்குப் போகுமுன் சாட்சியம் சொன்னவர் அதைப் பார்த்து, ‘இப்படி நடக்கவில்லை’ என்று திருத்த இடமிருக்க வேண்டும்.

ஸ்பீகல்மேனின் தாயும் தன் அனுபவங்களைக் குறிப்பேடுகளில் எழுதியிருந்தார். அவர் இறந்தபின் தந்தை அவற்றை எரித்துவிட்டார். அதனால் ‘மவுஸ்’ நூலில் தாயின் சொற்கள் இல்லை.

எங்கள் வீடுகளிலும் சொல்லாத கதைகளோடு அம்மாக்கள் இருக்கிறார்கள். வரைவது பிறகு நடக்கட்டும். அவர்கள் சொல்ல விரும்பினால், இப்போதைக்குப் பக்கத்தில் இருந்து கேட்க ஒருவரும், பதிவுசெய்ய ஒரு கைபேசியும் போதும்.