வலைப்பக்கம் தெரிகிறதா, மறைந்துள்ளதா? – ஒரு விளக்கம்

குரோம், பயர்பொக்ஸ் போன்ற வலை மேலோடிகளில் நாம் ஒரே நேரத்தில் பல வலைப்பக்கங்களைத் திறந்து வைக்கிறோம். ஆனால் பொதுவாக ஒரு சாளரத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கமே தெரியும். ஏனையவை திறந்தபடியே மறைந்திருக்கும். தான் தெரிகிறதா, மறைந்துள்ளதா என்பதை ஒரு பக்கத்தால் அறிய முடியும். அது எதை அறியும், எதை அறியாது என்பதை இங்கு வேறுபடுத்திக் கற்போம்.

1. அறியும் முறை

இதற்கான விதிமுறையின் முதல் வரைவை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2011 இல் வெளியிட்டது. 2013 இல் அது நியமமாகியது. இதில் இரண்டு பகுதிகள் உள்ளன.

(அ) நிலை: பக்கம் "தெரிகிறது" அல்லது "மறைந்துள்ளது".
(ஆ) நிகழ்வு: நிலை மாறும்போது மேலோடி பக்கத்துக்கு அறிவிக்கும். பக்கத்திலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் செய்நிரல் அதைப் பெற்றுச் செயற்படும்.

நிகழ்வின் நன்மை யாது? பஸ் வந்துவிட்டதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருதடவை மண்டைதீவுச் சந்திவரை நடந்து பார்ப்பது ஒரு வழி. பஸ் வந்ததும் சந்திக் கடைக்காரர் அழைத்துச் சொல்வது மற்றைய வழி. இரண்டாவதில் வீண் அலைச்சல் இல்லை. நிகழ்வும் அவ்வாறானதே.

2. பக்கம் மறையும் சந்தர்ப்பங்கள்

• அதே சாளரத்தில் வேறு பக்கத்துக்கு மாறுதல்
• சாளரத்தைச் சிறிதாக்கிக் கீழே விடுதல்
• கைத்தொலைபேசியில் வேறு செயலிக்குச் செல்லுதல்
• கைத்தொலைபேசியின் திரையைப் பூட்டுதல்

கவனிக்க: கணினியில் இரண்டு சாளரங்களை அருகருகே வைத்து ஒன்றில் தட்டச்சுச் செய்தால், மற்றையதும் "தெரிகிறது" என்ற நிலையிலேயே இருக்கும். தட்டச்சுச் செய்யப்படும் சாளரம் எது என்பது வேறு. கண்ணுக்குத் தெரியும் சாளரம் எது என்பது வேறு. மாணவர் பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இது.

3. பயன்கள்

மறைந்த பக்கம் அசைவுப் படங்களையும் வீடியோவையும் நிறுத்திக்கொள்ளலாம். இதனால் பற்றரியும் டேட்டாவும் மீதமாகும்.

இதைவிட முக்கியமான பயன் சேமிப்பு. கைத்தொலைபேசியில் மறைந்துவிட்ட பக்கத்தைப் பணிசெயல் முறைமை எந்த அறிவித்தலுமின்றி மூடிவிடலாம். எனவே "மறைகிறது" என்ற அறிவித்தலே பக்கம் நம்பியிருக்கக்கூடிய கடைசி அறிவித்தல். நன்கு எழுதப்பட்ட பக்கம், நீங்கள் எழுதிய விடைகளை அக்கணமே சேமித்துவிடும்.

4. நேரக்கணிப்பில் வரும் தவறு

மறைந்த பக்கத்தின் செய்நிரலை மேலோடி மெதுவாக்கும். 2021 இல் வெளியான குரோம் 88 ஆம் பதிப்பிலிருந்து, ஒலி எழுப்பாத ஒரு பக்கம் ஐந்து நிமிடங்களுக்கு மேல் மறைந்திருந்தால், அதன் மீண்டும் மீண்டும் இயங்கும் நேரக்கணிப்பிகள் நிமிடத்துக்கு ஒருதடவை மாத்திரம் இயங்கக்கூடும்.

உதாரணம்: செக்கனுக்கு ஒன்று என எண்ணும் கடிகாரமுள்ள பக்கம் 15 நிமிடம் மறைந்திருக்கிறது. முதல் 5 நிமிடத்தில் 300 எண்ணும். அடுத்த 10 நிமிடத்தில் ஏறத்தாழ 10 மட்டுமே எண்ணும். உண்மையில் கழிந்தது 900 செக்கன். கடிகாரம் காட்டுவது ஏறத்தாழ 310 செக்கன். ஆகவே எண்ணிக் கணிக்காமல், தொடங்கிய நேரத்தை இப்போதைய நேரத்திலிருந்து கழித்தே கணிக்க வேண்டும்.

5. இணையவழிப் பரீட்சையும் "மறைந்தது" என்ற பதிவும்

2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபின் இணையவழி வகுப்புகளும் பரீட்சைகளும் பெருகின. சில பரீட்சைப் பக்கங்கள், மாணவர் எத்தனை தடவை பக்கத்தை விட்டு விலகினார் என்று பதிவு செய்கின்றன.

வீட்டில் ஒரேயொரு கைத்தொலைபேசி இருக்கிறது என்று வையுங்கள். கடலுக்குப் போன அப்பா அழைக்கிறார். மகள் அழைப்பை எடுக்க, அழைப்புத் திரை பரீட்சைப் பக்கத்தை மூடுகிறது. பதிவில் விழுவது "மறைந்தது" என்பது மட்டுமே. இன்னொருவர் விடை தேடி வேறு பக்கத்துக்குப் போனாலும் அதே சொல்தான் பதிவாகும். ஏன் மறைந்தது, மாணவர் எங்கே போனார் என்பவை அந்தப் பதிவில் இல்லை. மறுபுறம், கொப்பியைத் திறந்து பார்த்து எழுதுபவரின் பக்கம் ஒருதடவையேனும் மறையாது.

எனவே அப்பதிவு ஒரு தரவு, தீர்ப்பு அன்று. காரணத்தைக் கேட்டறிந்து முடிவெடுப்பது மனிதரின் பொறுப்பு. நீங்களும் இணையவழிப் பரீட்சையின்போது பக்கம் மறைய நேர்ந்தால், நேரத்தையும் காரணத்தையும் உடனே ஆசிரியருக்குத் தெரிவியுங்கள்.

மாதிரி வினாக்கள்

1. பக்கம் மறையும் இரண்டு சந்தர்ப்பங்களைத் தருக.
விடை: கைத்தொலைபேசித் திரையைப் பூட்டுதல், சாளரத்தைச் சிறிதாக்குதல்.

2. பக்கம் மறையும் கணத்தில் விடைகளைச் சேமிப்பது ஏன் அவசியம்?
விடை: அதன்பின் பணிசெயல் முறைமை அறிவித்தலின்றிப் பக்கத்தை மூடிவிடலாம்.

3. "மறைந்தது என்ற பதிவு, மாணவர் பார்த்தெழுதினார் என்பதற்குச் சான்றாகும்." இக்கூற்றை ஏற்கிறீரா? காரணம் தருக.
விடை: இல்லை. அப்பதிவு பக்கத்தின் நிலையை மட்டுமே காட்டும். மறைந்ததற்கான காரணத்தைக் காட்டாது.