நீர்த்துப்போகும் பருப்பு: அரசு சொன்ன மாற்றும் அடுப்படி கண்ட மாற்றும்

புது தில்லி: மத்திய அரசின் செய்திக் குறிப்புகளில் சமையல் குறிப்பு தேடுவோர் எவரும் இலர். ஆயினும் 2023 ஜூலையில் நுகர்வோர் விவகார அமைச்சகம் வெளியிட்ட அறிக்கை ஒன்றில் ஏறக்குறைய அதுவே இடம்பெற்றிருந்தது. ‘பாரத் பருப்பு’ என்ற பெயரில் கடலைப் பருப்பைக் கிலோ 60 ரூபாய்க்கு விற்கும் திட்டத்தை அறிவித்த அந்த அறிக்கை, துவரம் பருப்புக்கு மாற்றாகக் கடலைப் பருப்பைக் குழம்பு வகைகளில் பயன்படுத்தலாம் என்று மக்களுக்கு எடுத்துரைத்தது.

காரணம் வெளிப்படை. துவரம் பருப்பின் விலை ஏறிக்கொண்டிருந்தது. அரசுக் கிடங்குகளிலோ கடலை மிகுந்திருந்தது. விளைச்சலைப் பெருக்க ஓராண்டேனும் வேண்டும். இறக்குமதிக்குச் சில மாதங்களாவது ஆகும். குடும்பத் தலைவி தன் சமையல் முறையை மாற்றிக்கொண்டால் அன்றே பலன் கிடைக்கும். எனவே, பற்றாக்குறை வரும்போதெல்லாம் ஆட்சியாளர்களின் பார்வை அடுப்படியின் பக்கம் திரும்புவதில் வியப்பில்லை. இந்த வேண்டுகோள்களை அடுப்படி எவ்வாறு ஏற்றுக்கொண்டது என்பது மட்டும் அரசுக் கோப்புகளில் பதிவாவதில்லை.

இவ்வழக்கம் குடியரசின் வயதை ஒத்தது. 1951-க்குள் உணவில் தன்னிறைவு என்று நேரு அரசு உறுதிபூண்டிருந்த காலத்தில், உணவு அமைச்சர் கே.எம். முன்ஷியின் துணைவியார் லீலாவதி முன்ஷி முன்னின்று நடத்திய அகில இந்திய மகளிர் உணவுக் குழு, ‘அன்னபூர்ணா’ என்ற பெயரில் சிற்றுண்டிச் சாலைகளைத் திறந்தது. அரிசி, கோதுமைக்கு மாற்றான உணவுப் பொருள்களைக் கொண்டு சமைத்துக் காட்டுவதே அவற்றின் நோக்கம். மைசூரில் 1950-இல் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமோ மரவள்ளி மாவையும் நிலக்கடலை மாவையும் சேர்த்துச் செயற்கை அரிசி உருவாக்க முனைந்தது. அந்த அரிசி எந்த வீட்டுச் சோற்றுப் பானையிலும் நிலைக்கவில்லை. மகளிர் குழுவின் முயற்சியால் 1954-இல் மும்பையில் தோன்றிய உணவு மேலாண்மைக் கல்லூரி மட்டும் இன்றளவும் இயங்கி வருகிறது. 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி திங்கள்கிழமை இரவு உணவைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொண்டபோது மக்கள் செவிசாய்த்தனர். உணவகங்களும் அன்று மாலை அடுப்பை அணைத்தன. ஒரு வேளை உணவை விட்டுக்கொடுக்க மக்கள் இசைந்தனர். வேறொன்றைச் சமைத்து உண்ணச் சொன்னபோதுதான் தயங்கினர்.

ஏன் இந்தத் தயக்கம் என்பதற்கு விடை, தில்லியின் சாதாரணக் குடும்பங்களின் அன்றாட ‘தால்’ தயாரிக்கும் முறையிலேயே இருக்கிறது.

துவரம் பருப்பு ஒரு கிண்ணம்; மஞ்சள், உப்பு, தண்ணீர்; குக்கரில் மூன்று நான்கு விசில். பிறகு கரண்டியில் நெய்யோ எண்ணெயோ காயவைத்து, சீரகம், பெருங்காயம், காய்ந்த மிளகாய் தாளித்துக் கொட்டினால் வேலை முடிந்தது. வேலைக்குச் செல்லும் பெண் காலை ஆறரை மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் ஏழு மணிக்குள் பருப்பு ஆயத்தமாகிவிடும். இதில் துவரம் பருப்புக்குப் பதிலாகக் கடலைப் பருப்பைப் போடலாம் என்று சொல்வது எளிது. ஆனால், கடலைப் பருப்பைக் குறைந்தது ஒரு மணி நேரமாவது ஊறவைக்க வேண்டும். வேகக் கூடுதல் நேரமும் கூடுதல் நீரும் தேவை. வெந்த பின்னும் அது துவரையைப் போலக் கரைவதில்லை. மணி மணியாக நின்றுவிடுகிறது. ரொட்டியைத் தோய்த்துண்ணவும் சோற்றில் பிசையவும் பழகிய நாவுக்கு அது வேறொரு பண்டம்.

இருப்பினும் தில்லி இல்லங்கள் கடலைப் பருப்பை அடியோடு புறக்கணிக்கவில்லை. அமைச்சகம் சொன்ன வழியில் செல்லாமல், தாம் அறிந்த வழியில் அதனை ஏற்றுக்கொண்டன. சுரைக்காயைத் துண்டுகளாக்கிக் கடலைப் பருப்புடன் வேகவைக்கும் ‘லௌகி சனா தால்’ வட இந்தியர்களுக்குப் புதிதன்று. காய் குழைந்து குழம்புக்குக் கெட்டித்தன்மை தருவதால், பருப்பு கரையாத குறை தெரிவதில்லை. வேறொரு வழி, பாதி அளவு கடலைப் பருப்புடன் மைசூர்ப் பருப்பையோ பாசிப் பருப்பையோ கலப்பது. இவை விரைவில் கரைந்து குழம்பைக் கூட்டிவிடும். ஊறிய கடலைப் பருப்பு அதில் பல்லுக்குத் தட்டுப்படும் அளவுக்கு நின்றாலும் உண்பவர்கள் அதனைக் குறையாகக் கருதுவதில்லை. ராஜஸ்தானத்தில் ஐந்து பருப்புகளைச் சேர்த்துச் செய்யும் ‘பஞ்ச்மேல் தால்’ விருந்துக்கும் உகந்தது. துவரம் பருப்பு விலையேறிய மாதங்களில் அக்கலவையில் துவரையின் பங்கு ஒரு பிடியாகச் சுருங்கினாலும் பெயர் மாறுவதில்லை. கடலை மாவையும் புளித்த மோரையும் கொண்டு செய்யும் ‘கடி’, நம் மோர்க் குழம்புக்கு உறவு முறை. ஐந்து பேருக்கு ஒரு பிடி மாவே போதும் என்பதால், மாதக் கடைசியில் வாரம் இருமுறை அது தட்டில் இடம்பெறுவது பல வீடுகளில் வழக்கம்.

ஆக, பெயரும் பதமும் மாறாத வரையில் பண்டத்தின் உள்ளடக்கம் மாறுவதை அடுப்படி பொறுத்துக்கொள்கிறது. இந்த விதியை மீறிய ஒரு முயற்சிக்கு நேர்ந்ததைத் தலைநகர மக்களுள் சற்று வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மஞ்சள் பட்டாணியின் கதை

2009-10-இல் பருப்பு விலை எகிறியபோது, சரத் பவார் வேளாண்மை மற்றும் உணவு அமைச்சராக இருந்தார். வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட மஞ்சள் பட்டாணியைப் பருப்பாக உடைத்து, தில்லியின் மதர் டெய்ரி, கேந்திரிய பண்டார் கடைகளில் மலிவு விலைக்கு விற்றது அரசு. துவரைக்கு மாற்றாக இதனைச் சமையுங்கள் என்று விளம்பரங்களும் செய்யப்பட்டன. நிறமும் உருவமும் துவரையை ஒத்திருந்தும் அதற்கு வரவேற்பில்லை. குழம்பில் எழும் பட்டாணி வாடையைத் தாளிப்பினால் மறைக்க இயலவில்லை என்பதே இல்லத்தரசிகளின் பொதுவான முறையீடாக இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலர்ந்த இதே பட்டாணியை இரவு முழுவதும் ஊறவைத்து வேகவைத்து, வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துத் தரும் ‘மட்டர் குல்ச்சா’வைத் தில்லிவாசிகள் நடைபாதையில் நின்று விரும்பி உண்கின்றனர். மும்பையின் ‘ரக்டா’வும் கொல்கத்தாவின் ‘குக்னி’யும் அதே பட்டாணிதான். சென்னைக் கடற்கரையில் தேங்காய், மாங்காயுடன் விற்கப்படும் சுண்டலும் அதற்குத் தொலைவில் இல்லை. சிற்றுண்டியாக வந்தபோது நாடு முழுவதும் வரவேற்ற பண்டத்தைச் சோற்றுக்கும் ரொட்டிக்கும் துணையாக வந்தபோது ஒதுக்கிவிட்டனர். தமிழக நியாய விலைக் கடைகளில் துவரம் பருப்புக்கு ஈடாகக் கனடா மஞ்சள் பருப்பு வழங்கப்பட்ட நாள்களில் எழுந்த முணுமுணுப்பும் இந்த வகையைச் சேர்ந்ததே.

பட்டாணி அத்துடன் விடைபெறவில்லை. 2017 நவம்பரில் அதன் இறக்குமதிக்கு 50 சதவீத வரி விதிக்கப்பட்டது. 2023 டிசம்பரில் வரி முற்றிலும் விலக்கப்பட்டதும் கப்பல் கப்பலாக வந்திறங்கியது. 2024-25-இல் பருப்பு வகைகளின் இறக்குமதி 70 லட்சம் டன்னைத் தாண்டிச் சாதனை அளவை எட்டியது. அதில் மிகப் பெரிய பங்கு மஞ்சள் பட்டாணிக்கு உரியது. வீடுகளில் யாரும் மனமுவந்து பட்டாணிப் பருப்புக் குழம்பு வைக்காத நாட்டில் இவ்வளவும் எங்கே போயிற்று? பெரும்பகுதி மாவு ஆலைகளுக்கும் நொறுக்குத் தீனித் தயாரிப்பாளர்களுக்கும் சென்றது. கடலை விலை ஏறினால் கடலை மாவின் இடத்தில் பட்டாணி மாவு புகுவது இத்தொழிலில் அனைவரும் அறிந்த நடைமுறை. முன்வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட பட்டாணி, பக்கோடாவாகவும் ‘கடி’யாகவும் அதே வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. உள்நாட்டுக் கடலை விவசாயிகளும் மாநில அரசுகளும் எதிர்ப்புத் தெரிவித்ததை அடுத்து, 2025 நவம்பர் முதல் 30 சதவீத வரி விதிக்கப்பட்டது.

மாற்றுப் பண்டம் எல்லாமே தீங்கற்றதென்று கொள்ளவும் இயலாது. வறட்சியிலும் விளையும் கேசரிப் பருப்பு, துவரையைப் போலவே தோற்றமளிப்பது, மிகமிக மலிவானது. அதனை மாதக்கணக்கில் முதன்மை உணவாக உண்டவர்களுக்குக் கால்கள் முடங்கும் நோய் ஏற்பட்டதால், 1961-இல் அதன் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது. நச்சுப்பொருள் குறைந்த புதிய ரகங்களை முன்னிறுத்தித் தடையை நீக்கும் யோசனை 2016-இல் எழுந்தபோது கடும் விவாதம் மூண்டது நினைவிருக்கலாம். ஏழையின் பானையில் விழும் மாற்றுப் பண்டத்தை அவர் விருப்பம் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று இல்லை.

கிண்ணத்தின் கணக்கு

பருப்பு வகை மாறுவதற்கு முன் பெரும்பாலான ஏழைக் குடும்பங்களில் வேறொரு மாற்றம் நிகழ்கிறது. பருப்பு குறைகிறது, தண்ணீர் கூடுகிறது. உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் இதனைப் ‘பத்லி தால்’, அதாவது நீர்த்த பருப்பு என்பர். மஞ்சளும் மிளகாயும் உப்பும் அதே அளவில் இருப்பதால் நிறமும் காரமும் குன்றுவதில்லை. குறைவது புரதம் மட்டுமே. அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி, நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவரின் தட்டில் பருப்பு, முட்டை, இறைச்சி ஆகியவை சேர்ந்து 85 கிராம் இருக்க வேண்டும். புலால் உண்ணாதவருக்கு அது முழுவதும் பருப்பாகவே வர வேண்டும். ஐவர் கொண்ட சைவக் குடும்பத்துக்கு மாதம் 12 முக்கால் கிலோ ஆகிறது. 2024-இன் நடுப்பகுதியில் நிலவியதைப் போல் துவரை கிலோ 160 ரூபாய் என்றால் 2,040 ரூபாய் வேண்டும். 60 ரூபாய்க் கடலைப் பருப்பு என்றால் 765 ரூபாய். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் பாரத் கடலைப் பருப்பின் விலையும் 70 ரூபாயாக உயர்ந்தது. தவிர, தேசிய மாதிரி ஆய்வின் 2011-12 கணக்கின்படி நாட்டில் ஒருவர் மாதம் உண்ட பருப்பு ஒரு கிலோவை எட்டவில்லை. பரிந்துரைப்படி ஒரு சைவருக்கு இரண்டரைக் கிலோ வேண்டும்.

அடுப்பெரிக்கும் செலவு இக்கணக்கில் சேரவில்லை. தில்லியில் 14.2 கிலோ சமையல் எரிவாயு உருளையின் விலை 2025 ஏப்ரலில் 853 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உஜ்வலா பயனாளிகளுக்கு 300 ரூபாய் மானியம் கிடைத்தும் அவர்கள் 2024-25-இல் சராசரியாக வாங்கியது நான்கரை உருளைகள் அளவே. எரிவாயுவை எண்ணி எண்ணிச் செலவிடும் வீட்டில் மலிவான கடலைப் பருப்பைவிட ஐந்து நிமிடத்தில் கரையும் மைசூர்ப் பருப்பே சிக்கனமாகத் தோன்றுவதில் தவறென்ன?

நாடாளுமன்ற விவாதங்களில் இக்கணக்கு எப்போதாவதுதான் தலைகாட்டுகிறது. துவரை விலை 2015 அக்டோபரில் கிலோ 200 ரூபாயைத் தொட்ட பிறகு, 2016 ஜூலையில் மக்களவையில் விலைவாசி விவாதம் நடந்தது. ‘அர்ஹர் மோடி’ என்ற ராகுல் காந்தியின் சொற்சிலம்பம் மறுநாள் நாளேடுகளின் தலைப்பாயிற்று. தேவைக்கும் உற்பத்திக்கும் இடையிலுள்ள இடைவெளியே காரணம் என்று நிதியமைச்சர் அருண் ஜேட்லி பதிலளித்தார். இரு தரப்பினரும் டன் கணக்கில் பேசினர். கேள்வி நேரத்தில் அளிக்கப்படும் எழுத்துபூர்வ பதில்களும் அவ்வாறே: உற்பத்தி இத்தனை லட்சம் டன், இறக்குமதி இத்தனை, கையிருப்பு இத்தனை. 2019 டிசம்பரில் வெங்காய விலை பற்றிய விவாதத்தில், தாம் வெங்காயம், பூண்டு அதிகம் சேர்க்காத குடும்பத்தைச் சேர்ந்தவர் என நிர்மலா சீதாராமன் கூறியதே அவையில் அண்மைக் காலத்தில் அடுப்படி பேசப்பட்ட அரிதான தருணம். அதுவும் ஏளனத்துக்கு இரையானது.

அவையின் உணவகத்திலோ மாற்றங்கள் விரைந்து நிகழ்கின்றன. 2021-இல் மானியம் நிறுத்தப்பட்டது. 2023-இல் சிறுதானிய உணவுகள் வந்தன. 2025-இல் கேழ்வரகு இட்லியும் சோள உப்புமாவும் கலோரி அளவுடன் பட்டியலில் ஏறின. சமையற்காரர்களும் நிபுணர்களும் உள்ள இடத்தில் சமையல் முறையை மாற்றுவது கடினமன்று.

2025 அக்டோபரில் தொடங்கப்பட்ட பருப்புத் தன்னிறைவு இயக்கத்துக்கு 11,440 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. துவரை, உளுந்து, மைசூர்ப் பருப்பு ஆகியவற்றுக்கு முன்னுரிமை. 2030-31-இல் 350 லட்சம் டன் பருப்பு விளைச்சல் என்பது இலக்கு. விளைவிப்போருக்குக் கொள்முதல் உறுதியும் தரப்பட்டுள்ளது. உண்போருக்கு அத்தகைய உறுதி ஏதுமில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம் 2023 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. பருப்பு அச்சட்டத்தின் உரிமைப் பட்டியலில் இடம்பெறவில்லை. தமிழகம் தன் சொந்தச் செலவில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு வழங்கி வருவதை இங்குள்ள பிற மாநில உறுப்பினர்களில் பலர் வியப்புடன் கேட்டறிகின்றனர். மத்தியச் சட்டத்தில் பருப்பையும் சேர்ப்பதென்றால் ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும், அதற்கான பருப்பு எங்கிருந்து வரும் என்ற கேள்விகளை எழுப்ப அவர்கள் இனியேனும் முன்வரலாம். இப்போதைக்கு, பருப்பின் எடையை மத்திய அரசே நிர்ணயித்துள்ள தட்டு பள்ளி மதிய உணவுத் தட்டுதான்: தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 20 கிராம், நடுநிலைப் பள்ளிக் குழந்தைக்கு 30 கிராம்.